பிப்ரவரியில் அறிமுகமான இருவர் ஜூலையில் ஏன் அழுதார்கள்? டிரம் கோர் பழைய உறுப்பினர் நிகழ்ச்சிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி மைதானம். ஜூலை மாதம், வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நிகழ்ச்சி முடிந்து, வாசித்தவர்கள் எல்லாரும் புல்தரையில் பெரிய வட்டமாக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்று, தங்கள் குழுவின் பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதில் என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். வயது 66, இரண்டு முழங்காலிலும் பட்டை. அவர் தோளில் கைபோட்டு நின்ற இளைஞருக்கு 29 வயது. இரண்டு பேரும் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன், அந்தப் பையனை ரொம்ப நாளாகத் தெரியுமா என்று. பிப்ரவரியில்தான் முதல்முதலாகப் பார்த்தேன் என்றார்.

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. டிரம் கோர் பழைய உறுப்பினர்கள் பல வருடம் கழித்துக் கூடி வாசிக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது, “எல்லாம் நாஸ்டால்ஜியா, பழைய ஞாபகம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், வயதானவர்கள் மூச்சு வாங்க வாசிப்பதைப் பார்த்து ஜனங்கள் இரக்கப்பட்டுக் கைதட்டுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். பழைய ஞாபகம் மட்டும்தான் காரணம் என்றால், சேர்ந்து ஒரு பழைய நாள்கூட இல்லாத இந்த இரண்டு பேரும் ஏன் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்? 66 வயதுக்காரர் கடைசியாக ஆடிய வருடம் 1980. அந்தப் பையன் அப்போது பிறக்கவே இல்லை.

முதலில், டிரம் கோர் என்றால் என்ன

சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் பேண்டு வாத்தியக் குழு அணிவகுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சைடு டிரம், வயிற்றோடு கட்டிய பெரிய டிரம், கன்னம் உப்ப பியூகிள் ஊதும் நான்கு பையன்கள். டிரம் கோரும் அதே குடும்பத்தில் பிறந்ததுதான், இரண்டுக்கும் மூலம் ராணுவம். ரேடியோ இல்லாத காலத்தில் எழுந்திரு, முன்னேறு, பின்வாங்கு என்ற உத்தரவுகளைப் படை முழுக்கக் கொண்டுபோனது பியூகிளும் டிரம்மும்தான்.

அமெரிக்காவில் முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களின் சங்கங்கள், முக்கியமாக 1919-இல் தொடங்கிய அமெரிக்கன் லீஜன், ஊர் ஊராக இந்தக் குழுக்களை வளர்த்தன. பிறகு தேவாலயங்கள், சாரணர் படைகள் என்று பலரும் தங்கள் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தார்கள். விஸ்கான்சினின் மேடிசன் ஸ்கவுட்ஸ், பெயரே சொல்கிறபடி, 1938-இல் சாரணர் குழுவாகப் பிறந்தது.

இன்றைய டிரம் கோரில் மூன்று பிரிவு. பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத்துப்பாக்கியும் வாளும் சுழற்றும் கலர் கார்டு. கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. பள்ளியையோ கல்லூரியையோ சேர்ந்ததும் அல்ல, தனி அமைப்பு. கோடையில் மட்டும் நடக்கும். சுமார் 150 இளைஞர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் தரையில் படுத்து, பகல் முழுக்க வெயிலில் பயிற்சி செய்து, ராத்திரி மைதானத்தில் பதினோரு பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றை ஆடி வாசிப்பார்கள். அந்த ஒரே நிகழ்ச்சிதான் கோடை முழுக்க. 1971-இல் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு உருவாகி, 1972-இல் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப் போட்டியை நடத்தியது. கலிபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தார்கள்.

வாசித்துக்கொண்டே நடக்கவும் வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 5 கஜத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு இருக்கும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சரியாக 8 காலடி, அதாவது ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். குனிந்து பார்க்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது, கண் எப்போதும் முன்னால் மேடையில் நின்று கையசைக்கும் டிரம் மேஜர் மேல். அங்குலக் கணக்கு கால் வழியாகவே தெரிய வேண்டும்.

22 வயதில் சாத்தப்படும் கதவு

இந்தப் போட்டிக் குழுக்களில் 22 வயதுக்கு மேல் இடமில்லை. வயது வரம்பை எட்டி வெளியே போவதை ஏஜ் அவுட் என்பார்கள். யாரும் சலித்துப்போய் விடுவதில்லை, திறமை குறைந்து விலக்கப்படுவதும் இல்லை. பெரும்பாலும் வாழ்க்கையிலேயே அதிகத் திறமையோடு இருக்கிற அந்த ராத்திரியில், காலண்டர் வெளியே அனுப்புகிறது.

பாடுகிறவர் எந்த வயதிலும் பாடலாம். கிரிக்கெட் ஆடியவர் ஞாயிற்றுக்கிழமை தெருவில் மட்டையைப் பிடிக்கலாம். டிரம் கோரை அப்படித் தொடர முடியாது. பியூகிளை வீட்டு மொட்டைமாடியில் நின்று ஊதலாம்தான், ஆனால் தேரை ஒரு ஆள் இழுக்க முடியாத மாதிரி, டிரம் கோரை ஒரு ஆள் செய்ய முடியாது. நூற்றுக்கணக்கான பேரும், ஒரு மைதானமும், மாதக்கணக்கில் பயிற்சியும் ஒரே சமயத்தில் அமைய வேண்டும். எல்லா வயதினரையும் சேர்த்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு, போய்ச் சேருகிறார்கள். ஆனால் அது வேறு குழு, வேறு சீருடை.

அதனால்தான் அலும்னி கோர். ஒரு குழுவின் பழைய உறுப்பினர்கள் மட்டும் மறுபடி கூடி அமைக்கும் குழுவுக்கு இந்தப் பெயர். சில அலும்னி கோர்கள் வருடா வருடம் வாசிக்கின்றன. சில, ஒரு ஆண்டுவிழாவுக்காக ஒரே ஒரு கோடைக்குக் கூடிக் கலைகின்றன. மேடிசன் ஸ்கவுட்ஸ் பழைய உறுப்பினர்கள் 2006-இல், சாம்பியன்ஷிப் அவர்கள் ஊரிலேயே நடந்தபோது கூடினார்கள். முதல் பட்டத்தை ஜெயித்த கிங்ஸ்மென் ஆட்கள் 35 வருடம் கழித்து 2007-இல் கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் மறுபடி இறங்கினார்கள். அப்போது கிங்ஸ்மென் என்ற குழுவே இல்லை, எப்போதோ கலைந்துவிட்டது.

இதுவரை பார்த்தது: தனியாகச் செய்ய முடியாத ஒரு வேலை, தாங்களாக முடிக்காமல் வயது முடித்துவைத்த வேலை. இதை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

கைக்கு ஒரு ஞாபகம், மனதுக்கு ஒரு ஞாபகம்

நாற்பது வருடம் சிக்குக் கோலம் போட்ட ஒரு பாட்டியிடம், இந்த வளைவு எந்தப் புள்ளிக்கு அப்புறம் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். யோசிப்பார், சொல்ல வராது. மாவைக் கையில் கொடுத்தால் கை தானாகப் போகும். நீச்சலும் சைக்கிளும் இப்படித்தான். இந்த வகை நினைவுக்குச் செயல்முறை நினைவு என்று பெயர். நடந்த சம்பவங்களை வைத்துக்கொள்ளும் நினைவிலிருந்து இது வேறு.

வேறு என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு புதிதாக நடக்கும் எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. மூளை ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் அவர் கை நன்றாகத் தேறியது. ஆனால் அதை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. சம்பவ நினைவு போன பிறகும் கையின் நினைவு வேலை செய்தது. இரண்டும் மூளையில் வேறு வேறு இடத்தைச் சார்ந்தவை என்பதற்குப் பெரிய சாட்சி இதுதான்.

இதை நான் நேரில் பார்த்தது ஜனவரி மாதத்தில், பயிற்சி தொடங்கும் முன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய பியூகிளை வாங்கி வந்திருந்தார். இன்றைய டிரம் கோர்களில் எந்தச் சுருதியிலும் பித்தளைக் கருவி வைத்துக்கொள்ளலாம், அந்த விதி 2000-இல் வந்தது. அதற்கு முன் எல்லாமே ஜி சுருதி பியூகிள்தான். இவர் காலத்துக் கருவிக்கு இரண்டே வால்வு. வெள்ளி முலாம் வாய்ப்பக்கம் தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தது. வாய் வைத்து ஊதும் முனையை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டே, நாற்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது, ஒன்றும் வராது என்றார். எந்த ஸ்வரத்துக்கு எந்த வால்வு என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலையாட்டினார். சரி, உங்கள் குழுவின் பாட்டு எப்படிப் போகும் என்று கேட்டேன். வாயில் வைக்கக்கூட இல்லை, மடியில் கிடந்த பியூகிளின் மேல் விரல்கள் தானாக அழுத்த ஆரம்பித்தன, அவர் பேச்சை நிறுத்திவிட்டு வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உதட்டுத் தசைக்கும் நுரையீரலுக்கும் இந்தச் சலுகை இல்லை, முதல் மாதம் பத்து நிமிடத்தில் உதடு விட்டுவிடும் என்றார். மாதம் ஒரு வாரக்கடைசியாகப் பயிற்சி வைத்தே அதை மீட்க முடிந்தது. ஆனால் எப்போது, எந்த வரிசையில், எந்தக் காலில் என்பது போகவே இல்லை. இறந்துபோனதாக நினைத்த ஒன்று தன் உடம்புக்குள்ளேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடிக்கிற நொடி அது. பழையதை நினைத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

காதை நம்பாதே

அடுத்தது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஒருவர் கல்லில் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுந்து, கை மறுபடி மேலே போன பிறகுதான் ‘தப்’ என்ற சத்தம் நம்மிடம் வரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும், ஒளியோ உடனே வந்துவிடும். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் கோல் கோடுகளுக்கு நடுவே 100 கஜம், சுமார் 91 மீட்டர். அப்படியானால் ஒரு கோடியில் அடித்த டிரம் சத்தம் மறு கோடிக்குப் போய்ச்சேரக் கால் நொடிக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் தாளம் போனால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அரை நொடிதான். கால் நொடி தாமதம் என்றால் பாதித் தட்டு போய்விட்டது.

அதனால் மைதானத்தில் பரவி நிற்கும் 150 பேர், சபாவில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் மாதிரி ஒருவரையொருவர் கேட்டுத் தாளம் சேர்க்க முடியாது. கேட்டு வாசித்தால் குழு இரண்டாகக் கிழிந்துவிடும். முன்னால் நிற்பவர்கள், பின்னால் இருக்கும் டிரம் வரிசையிலிருந்து வந்து தங்களைத் தாண்டிப் போகும் சத்தத்தின் மேல் ஏறி வாசிக்கக் கற்கிறார்கள். தூரத்தில் நிற்பவர்கள் காதில் விழுவதை ஒதுக்கிவிட்டு, டிரம் மேஜரின் கையை மட்டும் பார்த்து வாசிக்கிறார்கள். தன் காதுக்குத் தப்பாகக் கேட்டாலும் சபைக்குச் சரியாகக் கேட்கும் என்று நம்பி வாசிக்க வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி இந்த நம்பிக்கைதான்.

பக்கத்தில் நிற்பவரோடு சேர்வதற்கு இன்னொரு வழி, மூச்சு. முதல் ஸ்வரத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரே நொடியில், ஒரே அளவு நீளத்தில் மூச்சை இழுப்பார்கள். மைதானத்தில் நின்றிருந்தால் அது நன்றாகக் கேட்கும், புயலுக்கு முன் வரும் காற்று மாதிரி ஒரு சத்தம். தலையைத் திருப்பாமலே வலது பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்டுப் புறப்பட வேண்டும்.

இப்படிப் பல பேரின் அசைவு ஒரே காலக்கணக்கில் பூட்டிக்கொள்வதைத் தாளப் பிணைப்பு என்று வைத்துக்கொள்வோம். இது மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் வரலாற்றாசிரியர் வில்லியம் மக்னீல். 1941-இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு டெக்சாஸ் முகாமில் மணிக்கணக்கில் காரணமே இல்லாமல் நடைபோட்டார். அர்த்தமில்லாத வேலை என்று தெரிந்தும், சேர்ந்து கால் வைக்கும்போது தான் பெரிதாகி, தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்றில் கலந்துவிட்டது போல ஒரு சந்தோஷம் வந்ததாகப் பல வருடம் கழித்து எழுதினார். தசை வழியாக உண்டாகும் பிணைப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்.

2010-இல் ஆக்ஸ்போர்டில் துடுப்புப் படகு வீரர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையும் இங்கே பொருந்தும். தனியாகத் துடுப்புப் போட்ட நாளிலும், சேர்ந்து ஒரே தாளத்தில் போட்ட நாளிலும் உழைப்பு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து போட்ட பிறகு அவர்கள் தாங்கிய வலியின் அளவு தெளிவாக உயர்ந்தது. உடம்பு தானே சுரக்கும் வலி நிவாரணியான எண்டார்பின் அதிகமாகிறது என்பதற்கு மறைமுக அடையாளமாக இதை எடுத்துக்கொள்கிறார்கள். 12 பேரை வைத்துச் செய்த சின்ன சோதனைதான், ஆனால் நடனம், கூட்டாக டிரம் வாசித்தல் என்று வேறு சோதனைகளிலும் இதே போக்கு தெரிந்தது. இந்த எண்டார்பின்தான் நண்பர்களோடு வயிறு வலிக்கச் சிரித்த பிறகு வரும் இதத்துக்கும் காரணம் என்று கருதப்படுகிறது.

சுருக்கமாக: கை தன் வேலையை நினைவில் வைத்திருந்தது, ஆனால் அந்த வேலை முழுமையாவது பக்கத்தில் நிற்பவரின் மூச்சோடு சேரும்போதுதான். அந்தச் சேர்க்கை நடப்பது இன்று, இந்த மைதானத்தில். 1980-இல் இல்லை.

சேர்ந்து பட்ட கஷ்டம்

தாளம் சேர்ந்தால் போதும் என்றால் எந்த நடன வகுப்பிலும் இப்படி அழ வேண்டும். டிரம் கோரில் இன்னொன்று கூடவே வருகிறது: வெயில், தூக்கமின்மை, கொப்புளம், பசி, மறுபடி முதலிலிருந்து என்று ஒலிபெருக்கியில் வரும் குரல்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த ஓர் இடமே உதவுகிறது. மொரிஷியஸ் தீவில் தைப்பூசக் காவடியை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மானுடவியலாளர் டிமிட்ரிஸ் க்ஸிகலாடஸ் குழுவினர் 2013-இல் வெளியிட்டார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் உட்கார்ந்தவர்கள் என்று இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் பணம் கொடுத்து, விரும்பினால் அதில் கோவிலுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். காவடி எடுத்தவர்கள் பிரார்த்தனையில் உட்கார்ந்தவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். வலி அதிகமாக இருந்ததாகச் சொன்னவர்கள் இன்னும் அதிகம் கொடுத்தார்கள். தாங்கள் அலகு குத்தாமல் கூடவே நடந்து வந்தவர்களும் அப்படியே கொடுத்தார்கள். சேர்ந்து பட்ட வலி, பட்டவர்களையும் கூட நின்றவர்களையும் ஒரே கூட்டமாக்குகிறது.

காவடி வழிபாடு, டிரம் கோர் போட்டி, இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. உடம்பு வழியாக மனிதர்கள் ஒட்டிக்கொள்ளும் அந்த ஒரு வழி இரண்டிலும் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது அந்த 29 வயதுப் பையனுக்கு வருவோம். அவன் ஏஜ் அவுட் ஆகி ஏழு வருடம்தான் ஆகிறது. இவருக்கு நாற்பத்தைந்து வருடம். இருவரும் வேறு நிகழ்ச்சிகளை ஆடியவர்கள், வேறு கருவிகளைப் பிடித்தவர்கள். ஆனால் அதே 22.5 அங்குலம், அதே கூடத்துத் தரை, அதே குழுப் பாட்டு, அதே கடைசி ராத்திரி. ஒரே ஊரில் வேறு வேறு காலத்தில் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் மாதிரி. பிப்ரவரியில் அறிமுகமாகும்போதே, மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லி முடியாத விஷயங்களை இவர்கள் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வயதுக்கு ஏன் இத்தனை கனம்

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்தின் நினைவுகள் அளவுக்கு மீறி அதிகமாக வருகின்றன. இதை நினைவு மேடு என்பார்கள். முதல்முறை நடந்தவை நிறைய இருக்கும் காலம் அது, நான் யார் என்பது உருவாகும் காலமும் அதுதான். டிரம் கோர் வாழ்க்கை முழுக்க இந்த மேட்டின் உச்சியில் நடக்கிறது. அந்த வயதில் கேட்ட பாட்டு நம் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த வயதில் ஒரே நிகழ்ச்சியைக் கோடை முழுக்க ஆயிரம் தடவை வாசித்தவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பார்க்கிறவர்கள் ஏன் அழுகிறார்கள்

மைதானத்தில் இறங்காதவர்களும் அழுகிறார்கள். அதற்கான காரணம் கொஞ்சம் வேறு.

கல்யாணத்தில் கெட்டிமேளம் என்று யாரோ சொன்னதும், தவில் சேர்ந்து முழங்கப் போகிறது என்று தெரிந்தே நமக்குப் புல்லரிக்கிறதே, அந்த இடத்திலிருந்து யோசியுங்கள். எப்போது வரும் என்று தெரிந்திருப்பது அதைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. மான்ட்ரியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல், இசை கேட்டுப் புல்லரிப்பவர்களின் மூளையைப் பார்த்தார்கள். டோபமைன் என்ற வேதிப்பொருள் உச்சகட்டத்தில் ஓர் இடத்திலும், அதற்கு முன்பே, வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளில் வேறோர் இடத்திலும் சுரந்தது. காத்திருப்புக்கே தனிப் பலன் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை வைத்து 27-ஆவது லான்சர்ஸ் குழுவைப் பாருங்கள். பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள ரிவியர் ஊரின் குழு. டேனி பாய் என்ற பழைய பாட்டுதான் அவர்கள் அடையாளம். 1986-க்குப் பிறகு குழு கலைந்துவிட்டது. எட்டு வருடம் கழித்து 1994-இல் சாம்பியன்ஷிப் பாஸ்டன் பகுதிக்கு வந்தபோது பழைய உறுப்பினர்கள் கூடி மைதானத்தில் இறங்கினார்கள். இருந்த பார்வையாளர்களில் பலருக்கு அந்தப் பாட்டின் ஒவ்வொரு ஏற்றமும் தெரியும். எந்த இடத்தில் சத்தம் விரியும் என்று தெரியும், இனிமேல் கேட்கவே முடியாது என்று எட்டு வருடமாக முடிவு செய்திருந்ததும் அதே சத்தம்தான். சில நொடி காத்திருந்தாலே புல்லரிக்கிறது என்றால், எட்டு வருடக் காத்திருப்பு என்ன செய்யும்?

பெரிய பித்தளை வரிசை ஒன்று நம் முகத்துக்கு நேராகத் திரும்பி உச்சத்தில் வாசிக்கும்போது காதால் மட்டும் கேட்கிறோம் என்று சொல்ல முடியாது. விலா எலும்பில் தெரியும். இரக்கப்பட்டுக் கைதட்டுகிறார்கள் என்று சொல்பவர்கள் ஒரு தடவை ஐம்பது கஜக் கோட்டுக்கு நேரே, முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் நாஸ்டால்ஜியா பொய்யா

பொய் இல்லை, ஆனால் அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். 1688-இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீட்டைப் பிரிந்து தூர தேசத்தில் இருப்பவர்களுக்கு வரும் நோய்க்காக இந்தச் சொல்லை உருவாக்கினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தது. திரும்ப முடியாததால் வரும் வலி. மருந்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவது.

ஆல்பத்தைப் புரட்டும்போதும், பழைய ஒலிப்பதிவைக் கேட்கும்போதும் டிரம் கோர்க்காரர்களுக்கு வருவது இந்த வலிதான். அலும்னி நிகழ்ச்சியில் நடப்பது அடுத்த கட்டம், திரும்பியே விட்டார்கள். வீடு அதே இடத்தில், வேறு ஆட்களோடு இருக்கிறது, கதவு திறந்தது, தனக்கும் ஓர் இடம் காலியாக இருந்தது. ஏக்கத்தால் வரும் கண்ணீரும் ஏக்கம் தீரும்போது வரும் கண்ணீரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குழம்பிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். நிகழ்ச்சி நடக்கும்போது மைதானத்தில் யாரும் அழவில்லை. காலடி, மூச்சு, கை, டிரம் மேஜர் என்று கவனம் முழுக்க வேலையில் இருக்கிறது, அழுவதற்கு இடமில்லை. அழுகை வேலை நிற்கும் இடங்களில் வருகிறது: கடைசி ஸ்வரம் முடிந்து கருவியை இறக்கும்போது, வட்டமாக நின்று பாடும்போது, அல்லது எதுவும் தொடங்குவதற்கு முன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. முதல் நாள் பயிற்சி, வெளியே பனி, ஒரு பள்ளிக் கூடத்துக்குள் எல்லாரும் அரைவட்டமாக நின்றிருக்கிறார்கள். 1978 முதல் 1980 வரை மூன்று கோடையும் இவருக்கு வலது பக்கத்தில் நின்றவர் ஒருவர் உண்டு, ஊருக்குப் போன பிறகும் வருடம் தவறாமல் போனில் பேசிக்கொண்டவர். அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் இடத்தில் யாரோ ஒரு பையன் நிற்கிறான் என்பது மட்டும் இவருக்கு ஓரக்கண்ணில் தெரிந்திருக்கிறது. கையசைத்தவர் கையைத் தூக்கினார். எல்லாரும் மூச்சிழுத்தார்கள். வலது காதுக்குப் பக்கத்தில் அந்த மூச்சு அதே நீளத்தில், அதே இடத்தில் தொடங்கி, வந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கண் முன்னால்தான் இருக்க வேண்டும், அது விதி. முதல் ஸ்வரத்தை மட்டும் இவரால் ஊத முடியவில்லையாம். இரண்டாவதிலிருந்து சேர்ந்துகொண்டார்.